குடையோடு வரச் சொல்லு

திங்கட்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு உன் தந்தி எழுதிக்கொள்வது.

நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுத வரவில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள். அப்பா இந்த அறைக்கு வெளியே நடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தாள் சரசரத்தால் போதும், கதவருகே வந்து, "என்ன சொன்னா? அம்மா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்பார்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அப்பா துக்கத்தில் உளறுகிறார் என்று நினைக்காதே. அம்மா சொல்கிறாள். என்னிடம் மட்டும் சொல்கிறாள். இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கசக்கி எறிவாய் என்று தெரியும். கசக்கினாலும் பரவாயில்லை, பிரித்து மீதியையும் படி.

உன் நம்பரை மாற்றிவிட்டாய். ஆஸ்பத்திரி விடுதியின் முகவரி மட்டும் உன் பழைய புத்தகப் பார்சலில் இருந்தது. அதை நம்பித்தான் எழுதுகிறேன். எனக்குப் பரீட்சை நடக்கிறது. கணக்கு சரியாக எழுதவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அதைக் கேட்பார் இல்லை. இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

நம் வீடு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. முன்னறை அப்பாவுடையது, பின்னறை அம்மாவுடையது, நடுவில் நடை, நடையில் என் மேஜை. உன் மேஜையாக இருந்ததுதான். நீ நர்சிங் படிக்கக் கிளம்பிய அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே, "இனிமே நீதான்டி இந்த வீட்டுத் தந்தி" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினாய். நான் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

ஆறு வருடம் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எல்லாம் முதலில் உன் வழியாக, நீ போன பிறகு என் வழியாகத்தான். "உங்க அப்பாகிட்ட சொல்லு, சட்டையில ரெண்டு பட்டன் இல்ல. தைக்கணுமா, இல்ல இதுதான் இப்ப ஃபேஷனான்னு கேளு" என்பாள் அம்மா. "உங்க அம்மாகிட்ட சொல்லு, பட்டன் இல்லன்னா காத்து நல்லா வருது" என்பார் அப்பா. மூன்று எட்டு தூரம். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் எழுந்து போய் வார்த்தைக்கு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லாதவரை அந்த வார்த்தை காதில் விழாத மாதிரியே இருப்பார்கள். இது இந்த வீட்டுச் சட்டம். உனக்குத் தெரியாததா?

அக்கா, அடுத்து எழுதப் போவதை ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை காலை, அம்மா தான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். அப்பா குளியலறையில் இருந்தார். "உங்க அப்பாகிட்ட சொல்லு, நான் சாயந்தரம் ஏழே முக்கால் பஸ்ல வரேன். குடையோட ஸ்டாப்புக்கு வரச் சொல்லு. நடந்துக்கிட்டே கொஞ்சம் பேசணும்" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு செய்தி வந்ததே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றைக்கு எனக்கு அறிவியல் பரீட்சை. காலையிலிருந்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே ஏழு தடவை நடந்திருந்தேன். 'நான் என்ன இவங்களுக்குப் போஸ்ட்மேனா, வேணும்னா வாயைத் திறந்து பேசிக்கட்டுமே' என்று ஒரு எரிச்சல். சொல்லவில்லை. மறக்கவில்லை அக்கா. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

மீதி உனக்குத் தெரியும். மழை. ஸ்டாப்பில் செய்தித்தாள் விற்பவர், அம்மா எட்டேகால் வரைக்கும் நம் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று சொன்னார். பிறகு பையைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாக நடந்திருக்கிறாள். திருகு லூசான மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் அந்த லாரி.

ஆஸ்பத்திரியில் நீ அப்பாவைப் பார்த்து, "மழை கொட்டுதுன்னு தெரியுமில்ல? ஒரு குடையைத் தூக்கிட்டுப் போக உங்க கௌரவம் விடலையா?" என்று கத்தினாய். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அம்மாவின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்திலேயே நின்றேன். நானும் பேசவில்லை. அத்தோடு நீ போனாய். இன்றுவரை அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. தப்பு அவர் மேல் இல்லை. இப்போது தெரிந்துகொண்டாய்.

அம்மா வர ஆரம்பித்தது நான்கு மாதம் கழித்து. விளக்கு போடுகிற நேரம், நான் மேஜையில் படித்துக்கொண்டிருந்தேன். லேபிலிருந்து வந்ததும் அவள் கையில் இருக்குமே, அந்த ஸ்பிரிட் வாசனை, கூடவே ஈரத்துணி வாசனை. பின்னறையிலிருந்து குரல். "அடியே, உங்க அப்பாகிட்ட சொல்லு, கண்ணாடித் திருகு இன்னும் லூசாத்தான் இருக்கு."

நான் அலறியதில் கீழ்வீட்டு மாமா மேலே ஓடி வந்துவிட்டார். பல்லி என்று சொல்லிச் சமாளித்தேன். "ஒரு பல்லிக்கா இந்தக் கச்சேரி?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் அதே குரல், அதே செய்தி. பயத்தில் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். அப்போது அம்மா அடுத்ததைச் சொன்னாள், நான் அழுதுகொண்டே ஒப்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ஒரு வியாதியும் இல்லாமல் லேபுக்கு மூன்று தடவை ரத்தம் கொடுக்க வந்தாராம். "மூணாவது தடவை நான் ஊசியே குத்தல, சும்மா பஞ்சை வச்சு ஒட்டி அனுப்பிட்டேன். அதைக்கூடக் கவனிக்காம என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்த ஆளுன்னு சொல்லு."

அப்பா ஓங்கிய கையைத் தன் முகத்திலேயே வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் பின்னறைக் கதவைப் பார்த்து, "தெரியும்னு சொல்லு. வலிக்கலன்னு தெரிஞ்சுதான் நாலாவது தடவை வராம நேரா பொண்ணு கேக்க வந்தேன்னு சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து எட்டு மாதம். காலையில் சவரம் செய்துகொண்டு இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போவார், விளக்கு போடுவதற்குள் ஓடி வந்துவிடுவார். நாற்காலியை நடைக்குக் கொண்டுவந்து, நான் நடுவில், அம்மா பின்னறையில். "நீ வெளியூர்ல லேப் பயிற்சிக்குப் போறேன்னப்ப, 'போனா திரும்பி வர வேணாம்'னு சொன்னேனே, அது வாய்தான் சொல்லுச்சுன்னு சொல்லு" என்றார் ஒருநாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு வருடம் அக்கா. எனக்கு அதுவே அன்றுதான் தெரியும். அம்மா, "வாய் உங்க அப்பாவோடதுதானே, பக்கத்து வீட்டு வாயா? மன்னிச்சாச்சுன்னு சொல்லு" என்றாள். அதைச் சொல்லும்போது எனக்கே காது சுட்டது. அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் இப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை. இருவரும் உயிரோடு இருந்தபோது என்று எழுத நினைத்தேன். சரி, அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். அப்பா இப்போது பாதிதான் உயிரோடு இருக்கிறார்.

சாப்பாடு இறங்குவதில்லை. கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. போன வாரம், அப்பா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் முதலாளி என்னைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி மூன்று மூக்குக்கண்ணாடிகளைக் காட்டினார். மூன்று வாடிக்கையாளர்கள், மூன்று விதமான பார்வைக் குறை, ஆனால் அப்பா மூன்றுக்கும் ஒரே பவரில் லென்ஸ் அரைத்திருக்கிறார். "இருபது வருஷத்துல ஒரு லென்ஸ் தப்பா அரைச்சதில்லம்மா உங்க அப்பா. இது யாரோட பவருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். அம்மாவுடையது.

அம்மா என்னிடம் என்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை அக்கா. ஒரே ஒரு தடவைகூடச் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. சொல்லு, கேளு, அவ்வளவுதான். ஒரு நாள் துணிந்து, "அம்மா, நான் நல்லாப் படிக்கிறேன்" என்றேன். "உங்க அப்பாகிட்ட சொல்லு" என்றுதான் ஆரம்பித்தாள்.

இப்போதுதான் விஷயம். நேற்று அம்மா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ஏழே முக்கால் பஸ். குடையோட வரச் சொல்லு. வந்தா திரும்பிப் போக வேணாம்னு சொல்லு. நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குதுடி. இந்தத் தடவையாவது சொல்லு."

இந்தத் தடவையாவது என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். சொல்லாவிட்டால் அதே செய்தியை இரண்டாவது தடவை அமுக்கியவள் ஆவேன். எனக்கு யாரும் இல்லை அக்கா. வெள்ளிக்கிழமை நீயே நேரில் வர முடியாவிட்டாலும், சரியாக ஏழரைக்கு அப்பாவின் ஃபோனுக்குக் கூப்பிடு. நம்பர் பழையதுதான். உன் குரலைக் கேட்டால் அவர் எங்கேயும் நகரமாட்டார். எட்டரை வரை பேசிக்கொண்டே இரு. திட்டினாலும் சரி. ஏழரை. மறந்துவிடாதே.

டார்ச் மங்குகிறது. நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

உன் தங்கை,
தந்தி


வெள்ளிக்கிழமை இரவு, மணி தெரியவில்லை

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கீழ்வீட்டு மாமாவும் கண்ணாடிக் கடை முதலாளியும் தேடப் போயிருக்கிறார்கள். மாமி என்னைத் தன் வீட்டில் படுக்கச் சொன்னாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாராவது வந்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டுமே.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அம்மா பேசவில்லை. நான் செய்தியைச் சொல்லாததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அப்பா நான்கு நாளும் நடையிலேயே இருந்தார். வேலைக்குப் போகவில்லை. "என்ன சொன்னா?" "ஒண்ணும் சொல்லலப்பா." இதுதான் நாள் முழுக்க. நேற்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

இன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்தேன். அவர் என் மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு என்மேல இன்னும் கோபம் போகல. மன்னிச்சேன்னு சும்மா சொன்னா. அன்னிக்கு மழையில நிக்கும்போதுகூட என்னை நினைச்சுத் திட்டிக்கிட்டேதான் நின்னிருப்பா" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். கடைக்குப் பால் வாங்கப் போகிறேன் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அவர் அப்படி இருப்பதைப் பார்க்க முடியவில்லை. புதிய செய்தியைச் சொல்லக் கூடாது, அது மட்டும்தான் என் மனதில் இருந்தது. பழையதைச் சொன்னால் என்ன, அது முடிந்துபோனதுதானே, அவருக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா திட்டலப்பா. உங்களைத்தான் எதிர்பார்த்து நின்னா. குடையோட வரச் சொல்லு, நடந்துக்கிட்டே பேசணும்னு என்கிட்ட சொன்னா. நான்தான் சொல்லல. என்னைக் கொன்னுடுங்க" என்றேன்.

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால், அக்கா, அவர் முகம் கல்யாண ஃபோட்டோவில் இருக்கிற மாதிரி இருந்தது. "என்னைக் கூப்பிட்டாளா?" என்றார். "எத்தனை மணி பஸ்?" என்றார். ஏழே முக்கால் என்று நானே சொன்னேன். அந்த வினாடி வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டும் ஒரே செய்தி. பழையதைச் சொன்னபோதே புதியதையும் சொல்லிவிட்டேன்.

எழுந்து முகம் கழுவினார். சட்டை மாற்றினார். அம்மாவின் கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகை முறுக்கி, வேட்டி நுனியில் துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் காலைக் கட்டிக்கொண்டேன். போகாதீங்கப்பா, அக்கா ஏழரைக்குக் கூப்பிடுவா, இருங்க என்று கெஞ்சினேன். அவர் குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "ஒரு வருஷம் லேட்டும்மா நான். இன்னிக்காவது முன்னாடியே போய் நிக்கறேன்" என்றார். நானும் வருகிறேன் என்றேன். "வேணாம். ஆறு வருஷம் பிள்ளைங்களை நடுவுல நிறுத்தி வச்சுத்தான் பேசினோம். இது நாங்க ரெண்டு பேரும் பேச வேண்டியது. இனிமே நீ எதையும் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்" என்று சொல்லித் தலையில் கை வைத்தார். கை சுட்டது, அக்கா. இத்தனை மாதம் சில்லென்று இருந்த கை.

மணி ஏழு இருபது. குடையை எடுத்துக்கொண்டு அவர் இறங்கிப் போவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கீழ்வீட்டு மாமா, "என்ன, வெயிலும் இல்ல மழையும் இல்ல, குடை யாருக்கு?" என்று கேட்டார். "வீட்டுக்காரிக்கு" என்றார் அப்பா. மாமா சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது.

நான் செருப்பைத் தேடினேன். அப்போதுதான் மேஜைமேல் ஃபோன் அடித்தது. அவர் எடுத்துப் போகவில்லை. சரியாக ஏழரை. நான் சொன்ன நேரத்தை ஒரு நிமிடம்கூடத் தப்பாமல் கூப்பிட்டாய். ஏழு பத்து என்று எழுதியிருக்கலாம். ஏழு என்று எழுதியிருக்கலாம்.

எடுத்தேன். நீ, "அப்பா?" என்றாய். கொஞ்சம் கழித்து, "அப்பா, நான்தான்" என்றாய். வாயைத் திறந்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. நீ காத்திருந்தாய். பிறகு வைத்துவிட்டாய். அப்பாதான் எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார் என்று நினைத்திருப்பாய். இல்லை. நான். இந்தத் தடவையும் நான்தான்.

பத்து நிமிடம் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் எடுத்தார்கள். விடுதி ஃபோனாம். யாரோ ஒரு பெண் எடுத்து, "அவ டியூட்டிக்கு ஓடிட்டாளே, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். என்னைப் போய் அப்படிக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டு ஓடினேன்.

ஸ்டாப்புக்குப் போனபோது பஸ் வந்து போய்விட்டிருந்தது. செய்தித்தாள் விற்பவர் கடையை மூடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து யாரும் இறங்கவில்லை என்றார். ஆனால் பஸ் நின்றதும் அப்பா குடையை விரித்தாராம். "தன் தலைக்குப் பிடிக்கலம்மா. பக்கத்துல ஒரு ஆளுக்குப் பிடிக்கிற மாதிரி சாய்ச்சுப் பிடிச்சார். ஒரு தோள் வெளிய நனையற மாதிரி ஓரமா நடந்தார். மழையே இல்ல. ஆனா பேசிக்கிட்டே போனார், சிரிச்சுக்கிட்டே போனார். கூப்பிட மனசு வரல" என்றார். பெட்ரோல் பங்க் பக்கம் போனதைத்தான் பார்த்தாராம்.

திருப்பத்தில் விளக்குக் கம்பத்தில் குடை சாய்த்து வைத்திருந்தது. ஒழுங்காக மடித்து, பட்டன் போட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வறண்டு கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

குடை இப்போது என் காலடியில் இருக்கிறது. இன்னும் சொட்டுகிறது.

இனி பயந்து ஒளிந்து எழுத வேண்டிய அவசியம் இல்லை, அதனால் நடையிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு, நம் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்பிரிட் வாசனை போய்விட்டது. முன்னறையிலிருந்தும் பின்னறையிலிருந்தும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இப்படி ஒரு நாள் வராதா என்று எத்தனை தடவை ஏங்கியிருக்கிறேன் தெரியுமா.

மாமா காலையில் என்ன சொல்லிக்கொண்டு வருவாரோ. அதற்குள் உனக்குத் தபால் போகாது, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரு வருடம் கழித்து நீ அப்பா என்று கூப்பிட்டாய். அந்த வார்த்தை என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை சொன்னாய், இரண்டும் இருக்கிறது. இதை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்? என்னால் இனி முடியாது அக்கா. நீ வா. அவர் நாற்காலி நடையில்தான் இருக்கிறது. எதிரே நின்று நீயே சொல்லு. சொன்ன பிறகு என்னைத் திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் அதற்கு முன்னால், சாப்பிட்டியா என்று ஒரு தடவை கேள்.

உன் தங்கை